திரும்பப் பெற முடியாத அப்டேட்

கிரெய்க் வென்டர் டீம் 2010-ல் கணினியில் வடிவமைச்ச ஒரு முழு மரபணுத் தொகுதியை பாக்டீரியாவுக்குள்ள வச்சு ஓட விட்ட கதையைப் போன எபிசோடில் பார்த்தோம். அதைக் கேட்டுட்டு எங்க வ. புதுப்பட்டி நண்பன் ஒருத்தன், "லேப் சமாச்சாரம்டா, நமக்கு எதுக்கு"ன்னான். நம்ம பருத்திக்காட்டுக்கு அது எப்பவோ வந்தாச்சு. அதான் இன்னைக்குக் கதை.

2001, குஜராத். காய்ப்புழு ஊரையே அழிச்சுட்டு இருக்கும்போது சில காடுகள் மட்டும் பச்சையா நிக்குது. சோதிச்சா, உள்ளே பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு! அதைத் தின்கிற புழுவின் குடல் ஓட்டையாகிச் செத்துடும். அனுமதியே இல்லாத விதை. பிடுங்கி எரிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. விளைஞ்சு நிக்கிற பருத்தியை எந்த சம்சாரி எரிப்பார்? 2002 மார்ச்சில், மான்சாண்டோ தொழில்நுட்பத்தில் மஹிகோ கம்பெனி உருவாக்கின 3 பி.டி. வீரிய ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. அறநெறி விவாதம் முடியிறதுக்குள்ள விதை காட்டுக்குள்ள போயாச்சு.

கோட்வேர் ஆளா எனக்கு இங்கதான் உறுத்துது. நான் எழுதுற கோடில் பிழை வந்தா, ராத்திரியே பழைய வெர்ஷனுக்குத் திரும்பிடலாம். மகரந்தத்தை யார் திரும்பக் கூப்பிடுவது?

பக்கத்துல ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கு. எஸ்.வி.பி.ஆர். ரகங்கள் அங்க பிறந்தவைதான். அந்த விதையை எடுத்து வச்சு அடுத்த வருஷமும் போடலாம். வீரிய ஒட்டு அப்படி இல்ல. வருஷா வருஷம் கடைக்குப் போகணும். உயிரை மாத்தி எழுதலாமாங்கிற கேள்வியைவிட, எழுதினது யார் கையில இருக்குங்கிறதுதான் எனக்குப் பெருசாத் தெரியுது.

அப்போ 450 கிராம் பி.டி. பாக்கெட்டோட 120 கிராம் சாதா விதையும் சின்னப் பாக்கெட்டா வரும். காட்டைச் சுத்தி அதை விதைக்கணும்னு இருந்துச்சு. அதுல வளர்ற சாதா புழு, எதிர்ப்பு வந்த புழுவோட இணைசேர்ந்தா எதிர்ப்பு சீக்கிரம் பரவாது. அதை என்ன செஞ்சீங்கன்னு எங்க மாமாகிட்ட கேட்டேன்.

"தூக்கிப் போட்டேன் மாப்ள. காசு குடுத்துப் புழுவுக்குச் சோறு போடவா? கடைக்காரன் ஒண்ணும் சொல்லல."

அவரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. அந்தப் பாதுகாப்போட செலவை அவர் தலையில கட்டினவங்க, காரணத்தைச் சொல்லவே இல்ல. 2006-ல் ரெண்டு மரபணு வச்ச போல்கார்டு 2 வந்தது. சுமார் பத்தே வருஷத்துல இளஞ்சிவப்பு காய்ப்புழு அதையும் தாண்டிடுச்சு. இந்தியா முழுக்க அந்தச் சின்னப் பாக்கெட்டைப் பல பேர் விதைக்காததும் அதுக்கு ஒரு காரணம்.

2010-ல் பி.டி. கத்தரிக்காய்க்கு வந்தப்போ ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராப் போய் மக்கள்கிட்ட கேட்டுட்டு நிறுத்தி வச்சார். முடிவு சரியா தப்பாங்கிறது தனிச் சண்டை. கேட்டாங்களே, அது எனக்குப் பிடிச்சிருந்தது. பருத்திக்கு அப்படி யாரும் கேட்கல.

மாமா இப்போ மக்காச்சோளம் போடுறார். அங்க 2018-லிருந்து படைப்புழு. அதை அடுத்த எபிசோடில் பேசுவோம்.