குடைந்த நீரும் படிந்த நீரும்: குவாடலூப் மலைக் குகைகளின் தோற்றம் குறித்து

சுண்ணாம்புக்கல் குகை எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்குப் பள்ளிப் பாடநூல் முதல் கலைக்களஞ்சியம் வரை பெரும்பாலும் ஒரே விடைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. விரிசல் வழியே இறங்கிப் பாறையைக் கரைக்கிறது. கரைந்த சுண்ணாம்பைக் கீழே கல்விழுதாகவும் கல்முளையாகவும் படியவைக்கிறது. விடை தவறில்லை. ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. குகை குடையப்பட்டது ஒன்று. குடைந்த இடத்தில் சுண்ணாம்பு படிந்தது மற்றொன்று. இரண்டையும் ஒரே நீர்தான் செய்தது என்று கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள குவாடலூப் மலைக் குகைகளை முன்வைத்து, இவ்விரண்டையும் பிரித்தே படிக்க வேண்டும் என்று வாதிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படிப் பிரித்துப் படிக்க உதவிய தடயங்களில் பல, குகைக்குள் ஊர்ந்து சென்று அளந்தவர்கள் கண்டெடுத்தவை.

முதலில் வழக்கமான குகை. அமில நீர் பாறையைத் தொட்டதுமே கரைக்கத் தொடங்கிவிடும். சில மீட்டர் இறங்குவதற்குள் அதன் வீரியம் தீர்ந்துபோனால் மலையின் ஆழத்தில் குகை எப்படி உருவாகும்? நீரில் சுண்ணாம்பு நிறைவை நெருங்க நெருங்கக் கரைக்கும் வேகம் மிகக் கடுமையாகக் குறைகிறது என்பதே விடை. அந்த மந்தம்தான் எஞ்சிய வீரியத்தை வெகுதூரம் கொண்டுசெல்கிறது. முடியளவு விரிசல் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல அகல்கிறது. ஓரளவு அகன்றபின் நீரோட்டம் பெருகி வேகம் கூடுகிறது. கென்டக்கி மாநிலத்து மாமத் குகை இதற்குச் சிறந்த சான்று. 680 கிலோமீட்டருக்கு மேல் அளக்கப்பட்ட அதன் வழிகள், சிற்றோடைகள் கூடி ஆறாவதைப் போல ஒன்றோடொன்று இணைகின்றன. அருகிலுள்ள கிரீன் ஆறு தன் படுகையை அறுத்துத் தாழ்ந்தபோதெல்லாம் குகையிலும் புதிய அடுக்கு கீழே உருவாயிற்று. அங்கே குகையின் வரைபடம் நீரோட்டத்தின் வரைபடமேதான்.

குவாடலூப் மலையில் இந்த இலக்கணம் பொருந்தவில்லை. கார்ல்ஸ்பாட் குகையின் பெருங்கூடம் ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமுள்ளது. இவ்வளவு பெரிய இடத்தைக் குடைந்த ஆறு எங்கே? உள்ளே வரும் ஓடையும் இல்லை, வெளியேறும் ஊற்றும் இல்லை. அகன்ற கூடங்கள் திடீரென முட்டுச்சுவரில் முடிகின்றன. 1940-களில் இக்குகைகளை ஆராய்ந்த ஜே. ஹார்லன் பிரெட்ஸ், இவை நீர்மட்டத்துக்குக் கீழே நீர் நிறைந்த நிலையில் கரைந்தவை என்றார். வடிவத்தை அவர் சரியாகவே படித்தார். கரைத்தது எந்த அமிலம் என்ற கேள்வி மட்டும் பாக்கி நின்றது.

விடை தரையிலேயே கிடந்தது. கூடங்களின் தரையில் பல மீட்டர் தடிமனான ஜிப்சப் பாளங்கள் உள்ளன. ஜிப்சம் கால்சியம் சல்ஃபேட்; கார்பானிக் அமிலத்தால் அது உண்டாக வழியில்லை. அருகிலுள்ள கடற்படிவ ஜிப்சம் கரைந்து வந்து இங்கே படிந்திருக்கலாம் என்று முன்பு சிலர் எண்ணினர். அதைக் கந்தக ஐசோடோப்புகள் மறுத்தன. குகை ஜிப்சத்தில் இலேசான கந்தகத்தின் பங்கு அதிகம். சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் பாக்டீரியாக்கள் விட்டுச்செல்லும் முத்திரை அது. அருகிலுள்ள டெலவேர் படுகையின் எண்ணெய், எரிவாயுப் படிவங்களிலிருந்து அந்த வாயு மேலேறியது. நீர்மட்டத்தருகே ஆக்சிஜன் கலந்த நீரைச் சந்தித்துக் கந்தக அமிலமானது. சுண்ணாம்புக்கல்லைத் தின்று ஜிப்சத்தை மிச்சம் வைத்தது. வயோமிங்கின் லோயர் கேன் குகையில் இந்த வினை இன்றும் நடப்பதை ஸ்டீபன் எகமெயர் 1970-களில் எடுத்துக்காட்டினார். குவாடலூப் மலைக்கான முழு வாதத்தை கரோல் ஹில் 1987-இல் நூலாக வெளியிட்டார்.

அதற்குச் சற்று முன்பு, 1986 மே மாதத்தில், அதே மலையிலுள்ள லெச்சுகீயா குகையின் கதவு திறந்தது. அதுவரை அது சுமார் 27 மீட்டர் ஆழமுள்ள சாதாரணப் பள்ளம். ஆனால் அடியில் கிடந்த கற்குவியலின் இடுக்குகளிலிருந்து காற்று இரைந்து வந்தது. வெளியே வளியழுத்தம் குறைந்தால் குகை மூச்சை விடும், கூடினால் இழுக்கும். அந்த மூச்சின் அளவு உள்ளிருக்கும் வெற்றிடத்தின் அளவைச் சொல்லிவிடும். கொலராடோ குகையாய்வாளர்கள் தேசியப் பூங்காத் துறையின் அனுமதியோடு கற்களை அகற்றி உள்ளே நுழைந்தார்கள். இன்று 240 கிலோமீட்டருக்கு மேல் அளந்தாகிவிட்டது. ஆழம் 489 மீட்டர். உள்ளே ஜிப்சத்தோடு தனிக் கந்தகமே மஞ்சள் கட்டிகளாகக் கிடக்கிறது. குகையின் வரைபடமோ மரக்கிளை போல இல்லை. கடற்பஞ்சின் துளைகளைப் போல எல்லாத் திசைகளிலும் பின்னிக்கிடக்கிறது. மார்பு மண்ணில் உரச, நாடாவும் திசைகாட்டியும் ஏந்தி இடுக்குகளில் தவழ்ந்தவர்களின் உழைப்பு அது. அந்த வரைபடத்தையும் ஓர் ஆய்வுச் சான்றாகவே மதிக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

காலக்கணக்கையும் அமிலமே விட்டுச்சென்றிருந்தது. கந்தக அமிலம் களிமண்ணோடு வினைபுரிந்தால் பொட்டாசியம் கொண்ட அலுனைட் என்னும் கனிமம் உண்டாகும். விக்டர் போலியாக்கும் உடனாய்வாளர்களும் அதை ஆர்கான் முறையில் அளந்து 1998-இல் வெளியிட்டனர்: மலையின் மேல்மட்டக் குகைகளுக்குச் சுமார் 1.1 கோடி ஆண்டு, கார்ல்ஸ்பாட் பெருங்கூடத்தின் மட்டத்துக்குச் சுமார் 40 லட்சம் ஆண்டு. மலை உயர்ந்து நீர்மட்டம் தாழத் தாழ, குடையும் இடமும் கீழிறங்கியிருக்கிறது.

இவை விதிவிலக்குகள், உலகின் பெரும்பாலான குகைகளைக் குடைந்தது கார்பானிக் அமிலமே என்று மறுக்கலாம். எண்ணிக்கை பற்றிய அந்தக் கூற்றை ஏற்கிறேன். அதிலிருந்து பெறும் முடிவை ஏற்க இயலாது. கல்விழுதைக் கண்டதும் குகையின் பிறப்பும் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் பழக்கமே இங்கே சிக்கல். கார்ல்ஸ்பாட்டில் விழுதுகளுக்குக் குறைவே இல்லை. அவற்றைப் படியவைத்தது பாடநூல் சொல்லும் அதே மழைநீர்தான்; ஆனால் அது வந்தது கந்தக நீர் வடிந்து கூடம் காற்றால் நிறைந்த பிறகு. இந்த வரிசையைக் காட்டும் பாளங்கள் அங்கேயே கிடக்கின்றன. ஜிப்சம் நீரில் எளிதில் கரையும். கூரையிலிருந்து பிற்காலத்தில் சொட்டிய மழைநீர் அப்பாளங்களில் செங்குத்தான துளைகளை இட்டிருக்கிறது. கந்தக நீர் படியவைத்த கல்லில் மழைநீர் போட்ட துளைகள் அவை.