டெக்ஸாமெத்தசோன் (கோவிட்-19 சிகிச்சையில்)

1950களின் பிற்பகுதியில் உருவான ஸ்டீராய்டு மருந்து. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்பட்டுவந்த இந்த மலிவான பழைய மருந்துதான், கோவிட்-19 உயிரிழப்பைக் குறைப்பதாகப் பெரிய ஆய்வொன்றில் முதன்முதலில் உறுதியானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ரெக்கவரி’ ஆய்வு முடிவு 2020 ஜூன் 16 அன்று வெளியானது. நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாள் வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தோரிடையே இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றோரிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனில்லை.

இம்மருந்து வைரஸைத் தொடுவதில்லை. நோய் முற்றும் கட்டத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே கட்டுமீறி, அழற்சியை உண்டாக்கி நுரையீரலைச் சிதைக்கிறது. அந்த அழற்சியைத்தான் இம்மருந்து அடக்குகிறது. நோய் தொடங்கியவுடனே கொடுத்தால், வைரஸோடு போராடும் ஆற்றலையே மட்டுப்படுத்திவிடக்கூடும். எப்போது கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்தியாவில் 2021 இரண்டாம் அலையின்போது லேசான காய்ச்சலுக்கே பலர் ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கினர். இவை இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவை. அப்போது பரவிய கறுப்புப் பூஞ்சை நோய்க்கு, கட்டுப்படாத நீரிழிவோடு ஸ்டீராய்டுகளின் முறையற்ற பயன்பாடும் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது. அந்நோயைக் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவிப்பதைத் தமிழ்நாடு 2021 மே மாதம் கட்டாயமாக்கியது.