அடங்காத இரத்தக் கொதிப்பும் அறுபட்ட நரம்பும்

இரத்தக் கொதிப்பு என்று நம் வீடுகளில் வழங்கும் நோய்க்கு மாத்திரைகள் உண்டு. அவற்றை ஒழுங்காக உட்கொண்டால் பெரும்பாலோர்க்கு அது அடங்கும் என்பதை இன்று யாவரும் அறிவர். ஆனால் சிறுநீரைப் பெருக்கும் மருந்து உட்பட மூன்று மருந்துகளை உரிய அளவில் உட்கொண்ட பின்னும் அடங்காத கொதிப்பு ஒன்று உண்டு. மூளையில் இரத்தக் குழாய் வெடிப்பதற்கும், இதயமும் சிறுநீரகமும் பழுதடைவதற்கும் அது வழிகோலுகிறது. அத்தகையோர்க்கென அண்மைக் காலத்தில் எழுந்த ஒரு சிகிச்சையின் வரலாற்றை இங்கே கூற முற்படுகிறோம்.

அபாய வேளையில் உடலை உசுப்பிவிடும் பரிவு நரம்புகள் முதுகுத் தண்டிலிருந்து புறப்பட்டுச் சிறுநீரகங்களையும் சென்றடைகின்றன. அவை மிகையாகத் தூண்டப்படும்போது சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது; இரத்தக் குழாய்கள் இறுகுவதற்கு வித்திடும் ரெனின் என்னும் பொருளையும் சுரக்கிறது. இந்நரம்புகளை அறுத்துவிட்டால் என்ன என்று எண்ணியவர்களுள் 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்து மாக்ஸ் பீட் ஒருவர். பாஸ்டன் நகரத்து ஸ்மித்விக் மற்றொருவர். முதுகுப் புறத்தைத் திறந்து, விலாவெலும்பை நீக்கி, நரம்புத் தொடரையே வெட்டியெடுக்கும் கடுமையான சத்திர சிகிச்சை அது. 1953-ல் ஸ்மித்விக் 1,266 பேரின் வரலாற்றை வெளியிட்டார். ஐந்தாண்டுகளுக்குள் இறந்தோர், சத்திர சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 19, பெறாதவர்களில் 54. சீட்டுப் போட்டுப் பிரித்தாற்போல் இரு சாராரையும் பாரபட்சமின்றி வகுத்த சோதனையன்று அது என்றாலும், புறக்கணிக்கத்தக்க வேறுபாடும் அன்று. ஆனால் பிழைத்தவர்கள் செலுத்திய விலை பெரிது. எழுந்து நின்றால் மயக்கம் வரும். உடலின் கீழ்ப்பாதியில் வியர்வை நின்றுவிடும். ஆடவர் சிலர் ஆண்மையையும் இழந்தனர்.

கத்தியைக் கீழே வைக்கச் செய்தவை மருந்துகளே. அவற்றுள் ஒன்று நம் நாட்டுச் சர்ப்பகந்தியின் வேர் என்பதை நேயர்களுக்கு நினைவூட்டாமல் மேற்செல்ல மனம் வரவில்லை. பம்பாய் வைத்தியர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதயநோய்ப் பத்திரிகையில் அதன் பயனை எழுதினார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. கத்தி அறுத்த அதே பரிவு நரம்புகளின் முனைகளில் சேமித்துள்ள இரசாயனப் பொருளைத் தீர்த்து, அவற்றை ஓயச் செய்வதே ரெசர்ப்பினின் வேலை. பின்னர் 1958-ல் குளோரோதயசைடு வந்தது. சத்திர சிகிச்சை மறைந்தது.

அரை நூற்றாண்டு சென்றபின், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து வைத்தியர்கள் பழைய எண்ணத்தைப் புதிய கருவியோடு எடுத்துக்கொண்டனர். தொடையில் சிறு துளையிட்டு, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தமனி வழியே சிறுநீரகத் தமனிக்குச் செலுத்துகிறார்கள். ரேடியோ அலையின் வெப்பம் தமனிச் சுவரை ஊடுருவி, அதன் வெளிப்புறத்தே படர்ந்துள்ள நரம்புகளைப் பொசுக்குகிறது. முதுகைத் திறக்க வேண்டுவதில்லை. ஹென்றி க்ரம் முதலானோர் முதல் முடிவுகளை 2009-ல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு, 106 பேரிடம் நடந்த சோதனையில் மேல் அழுத்தம் ஆறு மாதத்தில் 32 மில்லிமீட்டர் குறைந்தது என்று அறிவிக்கப்பட்டபோது எழுந்த உற்சாகத்துக்கு அளவில்லை. ஐரோப்பாவில் சிகிச்சை விரைந்து பரவிற்று.

அதன் பின் அமெரிக்காவில் நடந்த சோதனையே இவ்வரலாற்றின் மிகச் சிறந்த ஏடு என்பது நம் கருத்து. 535 பேர் சேர்ந்தனர். ஒரு சாராருக்கு நரம்பு பொசுக்கப்பட்டது. மற்றவர்களுக்குக் குழாயைச் செலுத்திப் படம் எடுத்ததோடு சரி. தாம் எந்தச் சாரார் என்று தெரியாதிருக்க நோயாளிகளுக்கு மயக்க மருந்து தந்து, கண்களைக் கட்டி, காதில் இசையும் ஒலிக்கச் செய்தனர். இந்த இரண்டாம் வகையைப் 'போலிச் சிகிச்சை' என்று தமிழாக்கினால் ஏமாற்று வைத்தியம் என்று பொருள்பட்டுவிடும். நோயாளிகளோ முன்னரே அறிந்து இசைந்தவர்கள். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு 'ஒப்புக்குச் செய்த சிகிச்சை' என்பதே பொருத்தமாகப் படுகிறது.

2014-ல் முடிவு வெளியாயிற்று. நரம்பு பொசுக்கப்பட்டவர்களுக்கு 14 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. ஒப்புக்குச் செய்தவர்களுக்கும் ஏறக்குறைய 12 குறைந்திருந்தது! கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வில் மாத்திரையை ஒழுங்காக உண்பதும், மிக உயர்ந்து நின்ற அளவு தானே சற்று இறங்குவதும் இதற்குக் காரணமாகலாம். முன்னைய 32-ல் எவ்வளவு இவ்வாறு வந்தது என்ற ஐயம் எழுந்தது. ஆனால் ஆராய்ச்சியாளர் கைவிடவில்லை. சிகிச்சை செய்தவர்களில் சிலர் அதை ஒரே ஒரு முறைதான் செய்திருந்தனர் என்பதும், நரம்புகள் பல இடங்களில் முழுமையாகப் பொசுங்கியிருக்க மாட்டா என்பதும் வெளிப்பட்டன. கருவி திருத்தப்பட்டது, கிளைத் தமனிகளிலும் சிகிச்சை செய்தனர், ஒப்புச் சிகிச்சையை மட்டும் விடவில்லை. 2020-ல் 331 பேரிடம், மாத்திரையே இல்லாத நிலையில் நடந்த சோதனையில் 24 மணி நேரச் சராசரி ஒப்புச் சிகிச்சையைவிட ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் கூடுதலாகக் குறைந்தது. மூன்று மருந்துக்கும் அடங்காதவர்களிடம், ரேடியோ அலைக்குப் பதில் மீயொலி கொண்டு நடத்தி 2021-ல் வெளியிட்ட சோதனையிலும் பகல் நேர அளவில் அதை ஒட்டிய வேறுபாடே கிடைத்தது. 2023 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் இவ்விரு வகைக் கருவிகளுக்கும் அனுமதி வழங்கியது.

32 எங்கே, 4 எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். எனினும் மருந்துச் சோதனைகள் பலவற்றை ஒருங்கே ஆராய்ந்தவர்கள், 5 மில்லிமீட்டர் குறைந்தாலே பக்கவாதம், மாரடைப்பு முதலிய பெருந்துன்பங்கள் பத்தில் ஒரு பங்கு குறைவதைக் கண்டுள்ளனர். நரம்பு பொசுங்கியதா என்பதை மேஜைமீதே அறிந்துகொள்ள வழக்கத்தில் வந்த முறை ஏதும் இல்லை. சில மாதங்கள் சென்றபின் அழுத்தத்தை அளந்தே உணர வேண்டும். சிகிச்சை பெற்றோரிற் பெரும்பாலோர், அதன் பின்னும் மாத்திரையைத் தொடர்ந்தே உண்கின்றனர்.