காளவாசலும் கைத்தொழிற் கல்வியும்

மதுரை மாநகரின் மேற்கே, தேனிச் சாலையும் புறவழிச் சாலையும் கூடுமிடத்திற்குக் காளவாசல் என்று பெயர். காளவாசல் என்பது செங்கல்லும் சுண்ணாம்பும் சுடுகின்ற சூளையைக் குறிக்கும் சொல்லாகும். இன்று அச்சந்திப்பின்மீது 2020-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலம் நிற்கிறது. பெயர் மட்டும் சூளையின் நினைவைத் தாங்கியிருக்கிறது. அப்பெயரைக் கேட்கும்போதெல்லாம், இந்நகரைக் கட்டிய கைகள் யாருடையவை என்ற வினா நம்முள் எழாமல் இருப்பதில்லை.

திருமலை நாயக்கர் அரண்மனையைக் காணாத மதுரை இளைஞர் இரார். 1636-ஆம் ஆண்டில் எழுந்ததாகக் கூறப்படும் அம்மாளிகையின் பெருந்தூண்கள் செங்கல்லால் கட்டிச் சுதை பூசி மெருகேற்றப்பட்டவை. கட்டுவித்த மன்னரின் பெயரை வரலாறு கூறுகிறது. பின்னாளில் அதனைப் பழுதுபார்க்கச் செய்த சென்னை மாகாண ஆளுநர் நேப்பியர் பிரபுவின் பெயரையும் கூறுகிறது. மண்ணை மிதித்தவர், கல்லை அறுத்தவர், சூளைக்கு விறகு சுமந்தவர் ஆகியோரின் பெயர்களோ எந்த ஏட்டிலும் இல்லை.

கையாளும் கொத்தனாரும்

கட்டிடத் தொழில் ஒன்றே எனினும் அதனுள் படிகள் பல. மண்ணும் கல்லும் கலவையும் சுமப்பவர் சித்தாள். அவருக்கு மேல் பெரியாள். கரண்டி பிடிப்பவர் கொத்தனார். வேலையை ஏற்று நடத்துபவர் மேஸ்திரி. சுமப்பவருக்கும் கட்டுபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு உடல் வலிமையில் இல்லை, அறிவில் இருக்கிறது. தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேர்மையைக் காண்பதும், ரசமட்டம் வைத்துத் தளத்தின் மட்டம் அறிவதும், நூல்கயிற்றில் 3 அடி, 4 அடி, 5 அடி அளந்து முக்கோணமாக இழுத்து மூலைமட்டம் பிடிப்பதும் கற்றால் வருபவை; கற்பிக்காவிடில் வாராதவை.

இவ்வறிவு நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் சென்றது. உறவு வழியே சென்ற அறிவு சாதி வழியே சென்றதில் வியப்பில்லை. இருபது ஆண்டுகள் கலவை சுமந்தவர் கையில் ஒரு நாளும் கரண்டி கொடுக்கப்படாமற் போனதன் காரணம் இதுவே. பெண்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. சித்தாளாகத் தொழிலில் நுழையும் நம் தாய்மாருள் பெரும்பாலோர் சித்தாளாகவே முதுமை அடைகின்றனர்.

ஆதலின் தொழிற்பயிற்சி என்பது வேலையில்லாதவருக்கு வேலை தேடித் தரும் ஏற்பாடு மட்டுமன்று. பூட்டி வைக்கப்பட்ட அறிவைத் திறக்கும் திறவுகோல் அது.

சூளையில் பிறந்த ஒரு பள்ளி

இவ்வுண்மையை உலகுக்குக் காட்டியவர்கள் அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள். அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்ற புக்கர் வாஷிங்டன், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி என்னுமிடத்தில் 1881-ஆம் ஆண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். கட்டிடம் கட்டப் பணமில்லை. ஊரில் செங்கல்லும் இல்லை. மாணவர்களையே கொண்டு சூளை போட்டார். முதற் சூளை வேகவில்லை, இரண்டாவதும் வீணாயிற்று, மூன்றாவதும் கெட்டது. தம் கடிகாரத்தை 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். அது வெந்தது!

பிறகு நிகழ்ந்தது கருதத்தக்கது. அதுவரை அப்பள்ளியின் பக்கம் திரும்பாத வெள்ளையர், நல்ல செங்கல் கிடைக்கிறதென்று கேட்டு வாங்க வந்தனர். பத்தொன்பது ஆண்டுகளில் எழுந்த நாற்பது கட்டிடங்களுள் நான்கு நீங்கலாக மற்றவை பெரும்பாலும் மாணவர் உழைப்பால் ஆனவை. அங்குக் கட்டிடக்கலை கற்பித்த ராபர்ட் டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று 1892-இல் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர். கரண்டி பிடித்த மாணவனுக்கு முன்னால், வரைபடம் தீட்டும் தன் இனத்தவர் ஒருவர் நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

எனினும் அம்முறைக்கு எதிர்ப்பும் எழுந்தது. கறுப்பின மக்களின் பேரறிஞர் டூபாய்ஸ், 1903-இல் வெளியிட்ட தம் நூலில், கைத்தொழிலோடு நின்றுவிட்டால் வாக்குரிமையும் உயர்கல்வியும் எட்டாமற் போகும் என்று கடிந்துரைத்தார். இரு தரப்பிலும் உண்மை உண்டு.

நாம் மறக்கவியலாத ஓர் ஆண்டு

இதே விவாதம் நம் தமிழகத்தில் வேறோர் உருவில் எழுந்தது. 1953-ஆம் ஆண்டில் முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப்புறப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோர் தொழிலிலும் பயில வகை செய்தது. தந்தை பெரியார் அதனைக் குலக்கல்வி என்று கண்டித்துப் போராடினார். சுமப்பவர் மகன் சுமையையும், சிரைப்பவர் மகன் கத்தியையும் பாடமாகக் கொள்ள வேண்டுமெனில் பள்ளி எதற்கு என்று நாடே கேட்டது. 1954-இல் பொறுப்பேற்ற காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

தொழிற்பயிற்சி என்றதும் நம் பெரியோர் சிலர் முகஞ்சுளிப்பதற்கு இப்பழைய நினைவே காரணம். அவர்கள் அச்சம் நியாயமானது. எனினும் பிறப்பால் சுமத்தப்படும் தொழில் வேறு. விரும்பித் தேர்ந்து, முறையாகக் கற்று, சான்றிதழோடு வெளிவரும் தொழில் வேறு. முன்னது விலங்கு, பின்னது கருவி.

அண்ணல் காட்டிய வழி

இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942 அக்டோபரில் அவர் வைசிராயிடம் அளித்த கோரிக்கை மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர் அறிவியலும் தொழில்நுட்பமும் பயில உதவித்தொகை வேண்டும் என்றார். அத்துடன் அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைத் தொழில் பழகுநராகச் சேர்க்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். உயர்கல்வியா, கைத்தொழிலா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே மனுவில் கேட்டார்.

அவர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அக்காலத்தே, 1945-இல், மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புக்கான தலைமை இயக்ககம் தோன்றியது. போர் முடிந்து திரும்பிய வீரர்க்குத் தொழில் கற்பித்த அவ்வேற்பாட்டின் தொடர்ச்சியாக, 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் உருவாயிற்று. இன்று நாடெங்கும் உள்ள அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் அத்திட்டத்தின் கீழ் இயங்குபவை. மதுரைக் கோ. புதூரில் உள்ள நிலையமும் அவற்றுள் ஒன்று. 1961-இல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது.

நம் மண்ணின் மைந்தர் ஒருவரையும் ஈண்டு நினைதல் தகும். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன் அவர்கள், 1957-இல் பொதுப்பணித் துறை அமைச்சரானார். வைகை அணை 1959-இல் திறக்கப்பட்டபோது அத்துறை அவர் பொறுப்பில் இருந்தது. கல் சுமந்த சமுதாயத்தில் தோன்றிய ஒருவர் நாட்டின் கட்டுமானங்களுக்குப் பொறுப்பேற்றார் என்பது நமக்குப் பெருமையும் பாடமும் ஆகும்.

பின்னர் 1974-இல் நிறுவப்பட்ட தாட்கோ, ஆதிதிராவிடர்க்கு வீடு கட்டுவதைத் தொடக்கப் பணியாகக் கொண்டு, பிறகு தொழிற்பயிற்சியையும் கடனுதவியையும் மேற்கொண்டது. 1979-இல் நடுவண் அரசு தொடங்கிய ஊரக இளைஞர் சுயவேலைப் பயிற்சித் திட்டம் 1999-இல் வேறொரு திட்டத்தோடு இணைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற பின் வேலையும் கருவியும் கிடைக்காதவர் பழைய கூலிக்கே திரும்பினர் என்பது அத்திட்டம் விட்டுச்சென்ற படிப்பினை. தொழிற்சங்கங்களின் நீண்ட போராட்டத்தின் பயனாக, 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1994-இல் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை அதில் பதிவு செய்தவர்க்கே உரியன. பதியாத உழைப்புக்குப் பாதுகாப்பு இல்லை.

மட்டம் பார்க்க மூன்று குண்டுகள்

சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு காட்டும். பயிற்சி நேராக இருக்கிறதா என்று பார்க்க நாம் மூன்று வினாக்களைத் தொங்கவிடலாம்.

ஒன்று: அங்குக் கைப்பழக்கத்தோடு அளவும் கணக்கும் வரைபடமும் கற்பிக்கப்படுகின்றனவா? வரைபடம் படிக்கத் தெரியாத கொத்தனார் என்றும் பிறர் சொல் கேட்பவரே. இரண்டு: அரசு ஏற்கும் சான்றிதழ் உண்டா? குறைந்தபட்சக் கூலிச் சட்டங்கள் திறன் பெற்றவர், பெறாதவர் எனப் பிரித்தே கூலி வகுத்து வந்துள்ளன. மூன்று: அங்கிருந்து மேலே செல்ல வாயில் திறந்திருக்கிறதா? கொத்தனார் மேற்பார்வையாளராகவும், அவர் மகள் பொறியாளராகவும் ஆகக்கூடிய வழி இல்லாத பயிற்சி, பெயர் மாறிய குலக்கல்வியே.

பள்ளியை இடையில் விட்ட தம்பியரே, தங்கையரே! 8-ஆம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரத்தக்க தொழில்களும் தொழிற்பயிற்சி நிலையங்களில் உண்டு. வேலையின்றி வாடும் அண்ணன்மாரே! வயது கடந்தது என்று தளர வேண்டா. மூன்று சூளைகள் கெட்ட பிறகே டஸ்கீகியின் நான்காவது சூளை வெந்தது. பெற்றோரே! பெண்மக்கள் கையிலும் கரண்டியைக் கொடுங்கள்.

உழைப்பு நமக்குப் புதிதன்று. உழைப்பின் அறிவும் அதன் உரிமையுமே நமக்கு மறுக்கப்பட்டவை. இவ்வெள்ளி விழா ஆண்டில் அவ்விரண்டையும் நம் இளைஞர் ஒவ்வொருவர்க்கும் பெற்றுத் தருவதே நம் கல்விப் பணியின் அடுத்த கடைக்கால் ஆகட்டும். ஊரைக் கட்டியவர் பெயர் இல்லாத ஏடுகள் போதும். இனி எழும் கட்டிடங்களின் வரைபடத்தில் நம் பிள்ளைகளின் கையொப்பம் விளங்கட்டும்!