கண்ணைக் கட்டி இறங்கிய கதை

சாயர்புரத்துக்கு வடக்கே, தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையை ஒட்டி வாகைக்குளம் விமான நிலையம் இருக்கிறது. அதன் ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. கிழக்கிலிருந்து வரும் விமானம் கடலைத் தாண்டி, துறைமுகத்தையும் உப்பளங்களையும் பார்த்தபடி இறங்கும். பகலில், வானம் வெளுத்திருக்கும்போது அதில் சிரமம் எதுவும் இல்லை. 2023 டிசம்பர் 18 போன்ற நாளில்தான் சிக்கல். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று வாகைக்குளத்தில் விமானங்கள் ரத்தாயின.

தரை கண்ணுக்குத் தெரியாதபோது தரையை எப்படித் தொடுவது? விமானம் வருவதற்கு முன்பே இந்தக் கரைக்காரர்களிடம் இதற்குப் பாதி விடை இருந்தது. தொள்ளாயிரம் பார் போன்ற முத்துப் பார்கள் நீருக்கடியில் கிடப்பவை; மேலே எந்த அடையாளமும் கிடையாது. இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கோபுரமும் அதன் பின்னால் ஒரு பனைக்கூட்டமும் ஒரே நேரில் வந்தால் படகு அந்தக் கோட்டின்மேல் இருக்கிறது. வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளமும் நேரில் வந்தால் இடம் உறுதி. மேற்கே திருவனந்தபுரம் பக்கத்து மீனவர்கள் இதைக் கணிச்சம் என்பார்கள். துறைமுகங்களில் ஒன்றன்பின் ஒன்றாக இரு விளக்குகள் வைத்துக் கப்பலுக்கு வழிகாட்டுவதும் இதே கணக்குதான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் கப்பல் சரியான வழியில் வருகிறது. விலகித் தெரிந்தால் சுக்கானைத் திருப்ப வேண்டும்.

1930களில் ஜெர்மனியின் லோரென்ஸ் நிறுவனம் இந்தக் கணக்கைக் காதுக்கு மாற்றியது. ஓடுதளத்தின் நேர்கோட்டுக்கு ஒரு புறம் விமானி விலகினால் காதில் புள்ளி ஒலி, மறுபுறம் விலகினால் கோடு ஒலி. நடுவில் வந்துவிட்டால் இரண்டும் கலந்து விடாமல் ஒலிக்கும் ஒற்றை ஓசை. இன்றைய ஐ.எல்.எஸ். (கருவி வழி இறங்கும் அமைப்பு) அதன் வாரிசு. இதில் ஓசைக்குப் பதில் முள். ஓடுதளத்தின் மறுமுனைக்கு அப்பால் நிற்கும் லோக்கலைசர் ஆண்டெனா 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரு அதிர்வுகளை இரு பக்கமும் அனுப்புகிறது. இரண்டும் சமமாகக் கேட்கும் இடமே நடுக்கோடு. கிளைடு ஸ்லோப் என்னும் இன்னொரு ஆண்டெனா இதே வித்தையை மேலும் கீழுமாகச் செய்து, பொதுவாக மூன்று பாகைச் சரிவைக் காட்டுகிறது. 1938 ஜனவரி 26 அன்று அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து பிட்ஸ்பர்குக்குப் போன போயிங் 247 பயணிகள் விமானம், பனிப்புயலுக்கு நடுவே இத்தகைய அமைப்பை நம்பி இறங்கியது.

அதற்கு எட்டு ஆண்டுகளுக்கும் மேல் முன்பு, 1929 செப்டம்பர் 24 அன்று, அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையை மூடியால் முழுக்க மறைத்துக்கொண்டு நியூயார்க் அருகே மிட்செல் களத்திலிருந்து ஏறிப் பறந்து அங்கேயே இறங்கினார். முன் இருக்கையில் பென் கெல்சி துணைக்கு இருந்தார். அவசரம் வந்தால் பிடித்துக்கொள்ள இருந்த கெல்சி கட்டுப்பாடுகளைத் தொடவில்லை. முழுக்கக் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி இறங்கிய முதல் பயணம் அதுதான்.

டூலிட்டில் ஒருவர் செய்துவிட்டார். மற்றவர்களுக்கு எங்கே வைத்துக் கற்றுக்கொடுப்பது? வானத்தில் தப்புச் செய்தால் திருத்த ஆள் மிஞ்ச மாட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை ஒரு ஆர்கன் பட்டறையிலிருந்து வந்தது என்பதுதான் கதையின் ருசியான பகுதி. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் எட்வின் லிங்க்கின் தந்தை பியானோவும் ஆர்கனும் செய்துவந்தார். காற்றை அடக்கி விடும் துருத்திகளோடு வளர்ந்த மகன், அவற்றைக் கொண்டே ஒரு குட்டி விமானக் கூண்டைச் சாய்க்கவும் திருப்பவும் செய்தார். 1929இல் பிறந்த அந்தப் பெட்டியைப் பலரும் பொருட்காட்சி விளையாட்டாகவே பார்த்தார்கள். 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் வரிசையாக உயிரிழந்தார்கள். பிறகே ராணுவம் லிங்க்கைக் கூப்பிட்டது. சந்திப்பு நாளில் நூவர்க்கில் மூடுபனி. ஆள் வர மாட்டார் என்று அதிகாரிகள் கிளம்பத் தயாரானபோது லிங்க் கருவிகளைப் பார்த்தே பறந்து வந்து இறங்கினார். அதற்குமேல் விளக்கம் எதற்கு? ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. ஆர்மோனியத்தின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லத்தக்க அந்தப் பெட்டியில்தான் இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோர் பயின்றார்கள்.

இந்தியன் ஏர்லைன்ஸும் தன் விமானிகளை இத்தகைய பெட்டிகளில் பழக்க ஹைதராபாத்தில் மத்தியப் பயிற்சி நிலையம் வைத்திருந்தது. வீட்டு மேசைக்கு அந்தப் பெட்டி வந்த வழி வேறு. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் படித்த புரூஸ் ஆர்ட்விக்கின் விமான சிமுலேட்டர் நிரல் ஆப்பிள் கணினியில் வெளிவந்தது. 1982இல் அது மைக்ரோசாஃப்ட் பெயரில் ஐபிஎம் கணினிக்கும் வந்தது. இன்று மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் வீட்டிலிருந்தே மீனம்பாக்கத்தில் ஏர்பஸ்ஸை இறக்குகிறார். பெரும்பாலும் முதல் பத்து முறை இறக்குவதில்லை என்பது வேறு விஷயம்.

பிழை எங்கே என்று பார்த்தால் பெரும்பாலும் இறங்கும் இடத்தில் இருக்காது. இருபது மைலுக்கு முன்பே நடந்திருக்கும். சென்னையின் 07 ஓடுதளத்தை எடுத்துக்கொண்டால், வரைபடத்தில் உள்ள அதன் ஐ.எல்.எஸ். அலைவரிசையை முதலில் வைக்க வேண்டும். ஓடுதளத்தின் திசையையும், கிட்டத்தட்ட 70 பாகை, பதிய வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலேயே வேகத்தைக் குறைத்து, நடுக்கோட்டை முப்பது பாகை சாய்வில் வெட்டும்படி திரும்ப வேண்டும். அப்போதுதான் தானோட்டியின் அப்ரோச் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் லோக்கலைசர் பிடிக்கும், பிறகு கிளைடு ஸ்லோப். சரிவை எப்போதும் கீழேயிருந்தே பிடிக்க வேண்டும். அவசரப்பட்டு உயரத்திலிருந்து விழுந்து பிடிக்கப் போனால், ஏறத்தாழ ஒன்பது பாகையில் இருக்கும் பொய்ச் சரிவு உண்மைபோல முள்ளை ஆட்டிக் காட்டும். நிஜ விமானத்திலும் அந்தப் பொய்ச் சரிவு இருக்கிறது.

சரியான சரிவில் கடல் மைலுக்குச் சுமார் 318 அடி இறங்க வேண்டும். விமானிகளின் வாய்ப்பாடு இன்னும் எளிது: தரை வேகத்தை ஐந்தால் பெருக்கு. 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. சாதாரண வகை ஐ.எல்.எஸ்.ஸில் 200 அடி உயரத்தில் ஓடுதளமோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். விளையாட்டுதானே என்று கீழே போய்ப் பார்ப்பவர்கள் இதில் எதையும் கற்கவில்லை.

இதே மூன்று பாகையை வாகைக்குளத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். கிழக்கிலிருந்து 28ஆம் எண் ஓடுதளத்துக்கு வரும்போது கரைக்கும் ஓடுதளத்துக்கும் இடையே ஏறக்குறைய ஏழு கடல் மைல். கடல் முடிந்து நிலம் தொடங்கும்போது உயரமானி 2,300 அடியைச் சுற்றி நிற்க வேண்டும். துறைமுகத்துக்கு மேலே நாலாயிரம் அடியில் இருப்பவர் ஒரு சுற்றுச் சுற்றி வருவதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. 1992இல் திறந்த இந்த நிலையத்தின் ஓடுதளம் வெகுகாலம் 1,350 மீட்டர்தான், ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களுக்கே அது போதும். இப்போது 3,115 மீட்டர். 2025 ஜூலை 26 அன்று புது முனையமும் திறக்கப்பட்டது. உங்கள் சிமுலேட்டரில் இருப்பது பழைய தரவு என்றால், ஏர்பஸ் 321ஐ எவ்வளவு அழகாகக் கோட்டில் பிடித்து வந்தாலும் அது காட்டுக்குள் போய்த்தான் நிற்கும். இறங்கக் கிளம்புமுன் ஓடுதளத்தின் நீளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.