எம்ஷர்: கைவிடப்பட்டு மீட்கப்பட்ட ஓர் ஆறு

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழும் விலங்கும் பறவையும் மரமும், மக்கள் செய்யும் தொழிலும் உண்ணும் உணவும் கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். முதற்பொருளைச் சார்ந்தே கருப்பொருள் அமையும். பாட்டிலக்கணத்திற்காகச் செய்யப்பட்ட இப்பாகுபாடு ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை ஆராய்வதற்கும் துணைபுரிய வல்லது. அழிந்த கருப்பொருள் காலப்போக்கில் மீண்டும் தோன்றக்கூடும். முதற்பொருளே மாறிவிட்டால் என்ன நேரும்? இவ்வினாவிற்கு ஜெர்மனியில் ஓடும் எம்ஷர் என்னும் சிற்றாற்றின் வரலாறு விடை தருகிறது.

மூன்று ஆறுகள்

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் மூன்று ஆறுகள் ஏறத்தாழ இணையாகக் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஓடி, ரைன் பேராற்றில் கலக்கின்றன. தெற்கே ரூர், வடக்கே லிப்பே. இவ்விரண்டும் தனித்தனியே 220 கிலோமீட்டர் அளவு நீளமுடையவை. இவற்றிற்கு நடுவே ஓடுவது எம்ஷர். டோர்ட்முண்ட் நகருக்கு அருகே ஹோல்ட்ஸ்விக்கடே என்னும் ஊரில் ஊற்றெடுக்கும் இதன் இன்றைய நீளம் சுமார் 83 கிலோமீட்டரே. இவ்வட்டாரம் முழுவதும் ரூர் என்று தென்னாற்றின் பெயரால் வழங்கப்பட்டாலும், சுரங்கங்களும் உருக்காலைகளும் நெருங்கி எழுந்த நடுப்பகுதி எம்ஷரின் சமவெளியேயாகும். புகழைப் பெற்றது ரூர். சுமையைச் சுமந்தது எம்ஷர்.

தொழில் யுகத்திற்கு முன் இது மெல்ல நடந்த ஆறு. நிலத்தின் சரிவு மிகக் குறைவாதலால் பல வளைவுகளாகப் பிரிந்து, கரையெங்கும் சதுப்பையும் தாழ்காட்டையும் உண்டாக்கிச் சென்றது. அச்சதுப்புக் காட்டில் காட்டுக்குதிரைகள் திரிந்தன. அவற்றைப் பிடித்துக் கிராங்கே என்னும் சிற்றூரில் விற்றனர். 19ஆம் நூற்றாண்டில் அக்குதிரையினம் மறைந்துபோயிற்று. ஆயினும் அச்சந்தையிலிருந்து வளர்ந்த திருவிழா, ஹெர்னே நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் இன்றும் பெருங்கூட்டத்தோடு நடைபெறுகிறது. குதிரை போயிற்று, அதன் பெயரால் கூடிய கூட்டம் நின்றது.

தாழ்ந்த நிலம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழில் ரூர்ப் பள்ளத்தாக்கிலிருந்து வடக்கே நகர்ந்து எம்ஷர்ச் சமவெளியை அடைந்தது. சிற்றூராக இருந்த கெல்சன்கிர்ஷன், அண்டை ஊர்களையும் சேர்த்துக்கொண்டு 1903இல் ஒரு லட்சம் மக்களைக் கடந்த பெருநகராயிற்று. போலந்து மொழி பேசும் உழைப்பாளர்கள் கிழக்கிலிருந்து பெருந்திரளாக வந்து குடியேறினர். அனைவருடைய கழிவும், சுரங்கங்களிலிருந்து இறைக்கப்பட்ட நீரும், ஆலைகளின் அழுக்கும் எம்ஷரையே அடைந்தன.

அழுக்கைவிடப் பெரிய கேடு ஒன்று கண்ணுக்குப் புலனாகாமல் நிகழ்ந்தது. அடியிலிருந்த கரியை அகழ்ந்தெடுத்ததால் மேலிருந்த நிலம் தாழ்ந்தது. சில இடங்களில் இத்தாழ்வு 20 மீட்டருக்கும் மிகுதி. ஏற்கெனவே சரிவு குறைந்த ஆறு, போகும் வழி தெரியாமல் குட்டைகளாகத் தேங்கியது. வெள்ளக் காலத்தில் தெருக்களிலும் வீடுகளிலும் சாக்கடை நீர் புகுந்தது. இத்தகைய சூழலில்தான் 1899இல் போஹும் நகரில் நகராட்சிகளும் சுரங்க, ஆலை நிறுவனங்களும் கூடி எம்ஷர்க் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. 1901இல் கெல்சன்கிர்ஷன் வட்டாரத்தில் நச்சுக்காய்ச்சல் பரவி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ரூர் ஆற்றிலிருந்து வடிகட்டாமல் எடுத்த நீரைக் குடிநீர்க் குழாயில் கலந்ததே காரணம் எனக் கண்டனர். நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக் நேரில் வந்து ஆராய்ந்தார். 1904இல் கூட்டமைப்பிற்குச் சட்ட வலிமை கிடைத்தது.

இங்கேதான் ஆறுகளுக்கிடையே ஒரு பங்கீடு நிகழ்ந்தது. குடிநீர் தரும் ரூர் காக்கப்பட வேண்டும். அதற்காகக் கழிவைச் சுமக்கும் பணி எம்ஷருக்கு ஒதுக்கப்பட்டது. தாழ்ந்துகொண்டே இருக்கும் மண்ணில் புதைகுழாய் நிலைக்காது, உடைந்துவிடும். ஆகவே திறந்த கால்வாயே பொருத்தமென்று பொறியாளர்கள் முடிவு செய்தனர். 1906 முதல் ஆற்றின் வளைவுகள் நேராக்கப்பட்டன, படுகையில் சிமெண்டுப் பாளங்கள் பதிக்கப்பட்டன, கரைகள் உயர்த்தப்பட்டன. நிலம் தாழத் தாழக் கரையை மேலும் உயர்த்தினர். ஆகையால் பல இடங்களில் ஆறு, பக்கத்திலிருந்த வீடுகளை விட உயரத்தில் ஓடியது. கூடல் முகமும் இடம் பெயர்ந்தது. டூயிஸ்பர்க்கின் ஆல்சுமில் ரைனைச் சேர்ந்த ஆறு, 1910இல் வடக்கே வால்சுமிற்கும், 1949இல் இன்னும் வடக்கே டின்ஸ்லாக்கனுக்கும் மாற்றப்பட்டது.

இதனைப் பேராசையின் விளைவு என்று மட்டும் கூறி அமைதல் வரலாற்றிற்கு நீதி செய்வதாகாது. கால்வாய் வந்தபின் கழிவு தேங்காமல் வடிந்தது, நோய்கள் குறைந்தன. கூட்டமைப்பின் பொறியாளர் கார்ல் இம்ஹாஃப் அக்காலத்தில் உருவாக்கிய கழிவுநீர்த் தொட்டி உலகெங்கும் பரவி, நம் நாட்டுப் பொறியியல் மாணவர்களும் இம்ஹாஃப் தொட்டி என்றே பயிலும் பாடமாயிற்று. பல உயிர்களைக் காத்த அறிவுதான் ஓர் ஆற்றின் உயிரை விலையாகக் கொடுத்தது. அவ்விலை மொழியிலும் பதிந்தது. மக்கள் எம்ஷரையும் அதன் கிளைகளையும் ‘கோட்டல்பெக்கே’ என்றழைத்தனர். மலம் மிதக்கும் ஓடை என்பது அதன் பொருள். தவறி விழுந்தால் ஏற முடியாத வழுவழுப்பான சரிவாதலால் வேலியிட்டு எச்சரிக்கைப் பலகை வைத்தனர். ஆற்றங்கரையில் பிறந்த குழந்தை ஆற்றைத் தொடாமலேயே வளர்ந்தது. 1970களில் கூடல் முகத்தில் மாபெரும் சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. ஆறு முழுவதுமே அதனுட்புகுந்து வெளிவந்த பின்னரே ரைனை அடைய வேண்டியதாயிற்று.

மீண்ட கருப்பொருள்

சுரங்கத் தொழில் மேலும் வடக்கே நகர்ந்தபின் எம்ஷர் வட்டாரத்தில் மண் தாழ்வது ஓய்ந்தது. புதைகுழாய் இடுதல் இயலும் என்ற நிலை அப்போதுதான் உருவாயிற்று. 1992இல் சீரமைப்புத் தொடங்கியது. பழைய ஆற்றிற்குத் துணையாக, டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டர் நீளத்திற்குக் கழிவுநீர்ச் சுரங்கக் குழாய் அமைக்கப்பட்டது; அதன் ஆழம் சில இடங்களில் 40 மீட்டரை எட்டுகிறது. சிமெண்டுப் பாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஆற்றிற்கு வளைவுகள் திருப்பித் தரப்பட்டன. ஏறத்தாழ 550 கோடி யூரோ செலவில், 2021ஆம் ஆண்டின் இறுதியில் எம்ஷர் கழிவுநீரிலிருந்து விடுபட்டது. 2022 நவம்பரில் ரைனோடு கலக்கும் புதிய கூடல் முகமும் திறந்துவிடப்பட்டது.

கருப்பொருளும் வரத் தொடங்கியது. பாட்ரோப் நகரருகே போய என்னும் கிளையாற்றின் மேற்பகுதி, கழிவு சேராது தப்பியிருந்தது. அங்கே, கல்லிடுக்கில் வாழும் எம்ஷர்க் குரோப்பே என்ற சிறு மீனினம் நூறாண்டுக் காலம் ஒதுங்கிப் பிழைத்திருந்தது. ரூர் ஆற்று மீனிலிருந்து மரபணுவால் வேறுபட்ட அவ்வினத்தைத் தூய்மையடைந்த பிற ஓடைகளில் இன்று குடியேற்றி வருகின்றனர். சங்கப் புலவர் சிரல் என்றழைத்த மீன்கொத்தியும் எம்ஷர்க் கரைக்குத் திரும்பியிருக்கிறது.

மீளாத முதற்பொருள்

இம்மீட்சியை மகிழ்ந்து பாராட்டும்போதே இரண்டு உண்மைகளை மறத்தல் கூடாது. முதலாவது, ஆறு பிழைக்கக் காரணமானது தொழிலின் ஓய்வு. டோர்ட்முண்டின் ஹோர்டே பகுதியில் எம்ஷரைப் புதைத்து அதன்மேல் நின்ற ஃபீனிக்ஸ் உருக்காலை 2001இல் மூடப்பட்டது. அதன் பொறிகள் பிரிக்கப்பட்டுச் சீனாவிற்கு எடுத்துச் செல்லப்பட்டன. அவ்விடத்தில் 2010இல் ஓர் ஏரி நிரப்பப்பட்டது. கரையில் விலையுயர்ந்த மாளிகைகள் எழுந்தன. புகை உலகைவிட்டு நீங்கவில்லை, இடம் மாறியது. வேலை இழந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அவ்வேரிக்கரை வாழிடமாக அமையவில்லை.

இரண்டாவது உண்மை இன்னும் ஆழமானது. தாழ்ந்த நிலம் மீண்டும் உயராது. எம்ஷர் வட்டாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு நிலம் இறைப்பான்களாலேயே நீரில் மூழ்காது காக்கப்படுகிறது. அவை நின்றால் பல தெருக்கள் ஏரியாகிவிடும். ஜெர்மனியின் இறுதிக் கருங்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் பாட்ரோபில் மூடப்பட்டது. ஆயினும் இறைப்புப் பணி முடியவில்லை, முடியப் போவதுமில்லை. ஜெர்மானியர் இதனை ‘எவிக்கைட்ஸ்லாஸ்டன்’ என்பர். ஊழிச்சுமை என்று நாம் தமிழாக்கலாம். சுரங்க நீரை இறைத்தல் முதலாகச் சுரங்கம் விட்டுச் சென்ற இச்சுமைகளின் செலவிற்கென்றே 2007இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது. நூற்றைம்பது ஆண்டு எடுத்த கரிக்கு முடிவில்லாக் காலம் வட்டி கட்டும் நிலை இது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு எம்ஷர் தரும் விடை இதுவே. மீனும் பறவையும் திரும்பும். அதற்கு ஒரு தலைமுறையின் உழைப்பும் பெரும் பொருளும் வேண்டும். நிலத்தின் உயரத்தை எப்பொருள் கொடுத்தும் வாங்க இயலாது. ஆகவே ஓர் ஆற்றைக் கெடுப்பதற்கு முன் கேட்கத்தக்க வினா, பின்னர் தூய்மை செய்ய முடியுமா என்பதன்று. அதன் கீழுள்ள மண் அப்படியே இருக்குமா என்பதாகும். நம் வட்டத்துக் கவிஞர்கள் ஆற்றைப் பாடும்போது அலையோசையோடு, இரவும் பகலும் ஓயாது நீரிறைக்கும் பொறியின் ஓசைக்கும் ஓரடி ஒதுக்குவார்களாக. இன்றைய எம்ஷரின் உண்மையான ஓசை அவ்விரண்டும் சேர்ந்ததே.