தஞ்சாவூர் சங்கீத வித்தியா மகாஜன சங்கம்

தஞ்சாவூர் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்பது 1912ஆம் ஆண்டு ஆபிரகாம் பண்டிதர் நிறுவிய இசை ஆய்வு அமைப்பு. இது 1916ஆம் ஆண்டுக்குள் ஏழு இசை மாநாடுகளை நடத்தியது. வித்துவான்களும் இசை அறிந்த பிறரும் ஒரே இடத்தில் கூடி, பாடிக் காட்டியும் வாதிட்டும் இசை இலக்கணத்தை ஆராய்ந்த தொடக்க முயற்சிகளுள் இதற்குத் தனி இடம் உண்டு. சென்னை மியூசிக் அகாதெமி (1928), தமிழ் இசைச் சங்கம் (1943) ஆகிய இரண்டுக்கும் இது முந்தியது. ஆனால் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்' என்ற நூலை அறிந்த மாணவர்கள்கூட இச்சங்கத்தின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதில்லை. அந்நூலின் வேர் இந்த மாநாடுகளில்தான் இருக்கிறது.

நிறுவியவர்

ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தென்காசிக்கு அருகில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தவர். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். இசைப் பயிற்சியும் அங்கேயே அமைந்தது. பின்பு மனைவியுடன் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து அங்கும் ஆசிரியப் பணி செய்தார். சித்த மருத்துவத்தில் இருந்த ஈடுபாட்டால் ஒரு கட்டத்தில் பள்ளி வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். தம் குரு கருணானந்தரின் பெயரில் அவர் செய்து விற்ற மருந்துகள் நல்ல வருவாய் தந்தன. தஞ்சைக்கு அருகே பண்ணை அமைத்தார். சொந்த அச்சகமும் வைத்திருந்தார்.

இந்தச் செல்வம் இல்லையென்றால் சங்கமும் இல்லை. வாத்தியார் சம்பளத்தில் ஒரு மாநாட்டுக்குப் பந்தல்கூடப் போட முடியாது. ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன்.

மாநாடுகளும் சுருதிக் கேள்வியும்

முதல் மாநாடு 1912 மே 27 அன்று கூடியது. ஏழு மாநாடுகளின் செலவையும் பண்டிதரே ஏற்றார். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் போன்ற பெரிய வித்துவான்கள் இவற்றில் கலந்துகொண்டனர்.

பேசப்பட்டவற்றுள் முதன்மையானது சுருதிக் கணக்கு. கீழ்ச் சட்சமத்திலிருந்து மேல் சட்சமம் வரை உள்ளது ஒரு ஸ்தாயி. அதில் 12 சுரத்தானங்கள் உண்டு என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அவற்றினும் நுட்பமான சுருதிகள் எத்தனை? சார்ங்கதேவரின் 'சங்கீத ரத்னாகரம்' (13ஆம் நூற்றாண்டு) 22 என்கிறது. வித்துவான்கள் வழிவழியாக ஒப்பித்து வந்ததும் இதையே. பண்டிதர் அந்த எண்ணைக் கணக்கிட்டுப் பார்த்தார். 22 என்று சொன்னவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பங்கிட்டிருந்தார்கள். அவர்களுடைய அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் ஆய்ச்சியர் குரவையும், அவற்றின் பழைய உரைகளும் அவருக்கு வழிகாட்டின. உ.வே. சாமிநாதையர் 1892இல் அந்நூலைப் பதிப்பித்திருக்காவிட்டால் இந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. உரைகளில் வரும் வட்டப்பாலை என்பது 12 இராசி வீடுகள் கொண்ட வட்டத்தில் நரம்புகளை நிறுத்தும் முறை. குரலிலிருந்து இளிக்கு, அதாவது சட்சமத்திலிருந்து பஞ்சமத்துக்குத் தாவி, அங்கிருந்து அதன் பஞ்சமத்துக்குத் தாவி, இப்படியே 12 முறை சென்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பஞ்சமத்தின் விகிதம் 3/2. அதை 12 முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும். ஏழு ஸ்தாயிகள் ஏறினால் வர வேண்டியது 128. வட்டம் சற்றே மூடாமல் நிற்கிறது. அந்த இடைவெளியைப் பண்டிதர் எல்லா வீடுகளுக்கும் சமமாகப் பகிர்ந்தார். வட்டப்பாலையில் ஸ்தாயிக்கு 24 சம அலகுகள் என்று முடிவு கட்டினார். பழைய உரையிலேயே அலகுகள் 22 என வருகிறதே என்றால், 24இல் இரண்டைக் குறைத்துப் பாடும் முறையை அது குறிக்கிறது என்பது அவர் விடை.

இந்த விடை எல்லோருக்கும் நிறைவளிக்கவில்லை. கமகத்தால் உயிர் பெறும் நம் இசையைச் சம அளவுகளில் அடக்க முடியுமா என்ற எதிர்வாதமும் வலுவானதுதான். என் பார்வையில், 24 சரியா தவறா என்பதைவிட, 'நூலில் இருக்கிறது' என்ற பதிலை ஏற்காமல் 'பாடிக் காட்டுங்கள், அளந்து காட்டுங்கள்' என்று சபையில் கேட்டதே பெரிய காரியம்.

பரோடாவும் அதன் பின்னும்

1916 மார்ச்சில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட்டின் ஆதரவில் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. பண்டிதர் அங்கு சென்று தம் கருத்தை எடுத்துரைத்தார். அவருடைய மகள்கள் பாடியும் வீணை வாசித்தும் அதை விளக்கினர். அந்தக் காலத்தில் பெண்கள் அறிஞர் சபையில் செய்முறை விளக்கம் தந்தது சாதாரணச் செய்தியல்ல. ஆனால் 24 சுருதிக் கொள்கைக்கு அங்கே முடிவான ஏற்பு கிடைக்கவில்லை.

அதே ஆண்டின் ஏழாவது மாநாட்டோடு அந்த வரிசை நின்றது. 1917இல் கருணாமிர்த சாகரம் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலாக அவருடைய அச்சகத்திலேயே அச்சாகி வெளிவந்தது. 1919 ஆகஸ்டில் பண்டிதர் காலமானார். செலவு முழுவதும் ஒரே மனிதரின் பையிலிருந்து வந்ததால், அவருக்குப் பின் சங்கத்தைத் தாங்க எவரும் இல்லை. இராகங்களைப் பற்றிய இரண்டாம் பகுதி அச்சேற 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டு, 1947இல், விபுலானந்த அடிகளின் 'யாழ் நூல்' திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அதே சிலப்பதிகார உரைகளை ஆராய்ந்த அடிகள் 22 அலகுகளையே ஏற்றார். தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் நடத்திய பண் ஆராய்ச்சிக் கூட்டங்களில் ஓதுவார்களும் வித்துவான்களும் அறிஞர்களும் மீண்டும் ஒரே மேடையில் கூடிப் பாடியும் வாதிட்டும் ஆராய்ந்தார்கள்.